சிவப்புக்குள் வெள்ளை: சிரா–வியோனியே ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் முறை

பிரான்சில் ரோன் ஆற்றின் மேற்குக் கரையில், வியன் நகரத்துக்குச் சற்றுத் தெற்கே ஆம்புய் என்றொரு சிற்றூர். ஊருக்குப் பின்னால் சுவர் போல எழும் மலைச்சரிவுக்குப் பெயர் கோட் ரோட்டி. நம்மூர் ரொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘வெயிலில் வறுபட்ட சரிவு’ என்று பொருள். சில இடங்களில் சாய்வு மிகச் செங்குத்தாக இருப்பதால் பெரும்பாலான வேலை கையால்தான் நடக்கிறது. சிரா என்ற கறுப்புத் திராட்சையோடு வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையையும் ஒரே தொட்டியில் போட்டு நொதிக்க விடுவது இங்கே பழைய வழக்கம். 1940 முதல் கோட் ரோட்டி என்பது சட்டம் காக்கும் பெயர். அதன் விதி வியோனியேவை 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது, ஆனால் இரண்டும் சேர்ந்தே நொதிக்க வேண்டும் என்கிறது. தனியாகச் செய்த வெள்ளை ஒயினைப் பிறகு ஊற்றிக் கலக்கக் கூடாது. நடைமுறையில் 20-ஐ எட்டுபவர்கள் அரிது. 2 முதல் 8 வரை போடுவார்கள். ஒன்றுமே போடாதவர்களும் உண்டு.

இந்தச் சிறு பங்கை நாக்காலும் மூக்காலும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இங்கே விஷயம். இந்த ஒயினைப் பற்றிப் படித்த எவருக்கும் முதலில் சொல்லப்படுவது ‘ஆப்ரிகாட் வாசம் வரும்’ என்பது. அதைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஏமாற்றமே. நன்றாகச் செய்த சிரா–வியோனியேவில் ஆப்ரிகாட் தனியாகத் தலை நீட்டாது. வெள்ளைத் திராட்சையின் வேலை வேறு இரண்டு இடங்களில் தெரியும்: மணம் கிளாஸை விட்டு மேலே எழும் வேகத்திலும், ஒயின் நாக்கின் நடுவில் நிற்கும் விதத்திலும்.

சேர்ப்பதற்குக் காரணம் மூன்று

முதல் காரணம் மணம். வியோனியேவின் தோலில் லினலூல், ஜெரானியோல், நெரோல் போன்ற டெர்பீன் சேர்மங்கள் உண்டு. பூ மணமும் ஆப்ரிகாட் மணமும் இவற்றிலிருந்து வருகின்றன. சிராவின் மணம் கனமானது: கறுப்புப் பழம், மிளகு, ஆலிவ், புகையூட்டிய இறைச்சி. அந்தக் கனத்தின் மேல் பூ மணம் ஏறும்போது மொத்த மணமும் இலகுவாகி உயர்கிறது.

இரண்டாவது, வாயில் உணரும் வழவழப்பு. வியோனியேவுக்குப் புளிப்பு குறைவு, ஆல்கஹால் அதிகம், லேசான எண்ணெய்த் தன்மையும் உண்டு. சிராவின் துவர்ப்புக்கு அது ஒரு மெத்தை போட்டாற்போல அமைகிறது.

மூன்றாவது காரணம் கேட்பவர்களைத் திகைக்க வைக்கும். வெள்ளைத் திராட்சை சேர்த்தால் சிவப்பு வெளுக்கத்தானே வேண்டும்? அளவு சிறிதாக இருந்தால் நேர்மாறாகவும் நடக்கும். கறுப்புத் திராட்சையின் நிறமியான ஆந்தோசயனின் தனியாக மிதந்தால் அதோடு தண்ணீர் சேர்ந்து நிறம் போய்விடும். வெள்ளைத் திராட்சைத் தோலிலுள்ள ஃபீனால்கள் என்ற நிறமற்ற சேர்மங்கள் நிறமிகளுக்கு இடையில் தோசையை அடுக்கினாற்போல அடுக்கிக்கொண்டால் தண்ணீர் உள்ளே புக இடமில்லை. நிறம் நிலைக்கும், ஆழமாகும், சற்று ஊதா பக்கம் சாயும். வயது குறைந்த சிவப்பு ஒயின்களின் நிறத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை இந்த அடுக்கினால் வருவதாக இருக்கலாம் என்று ஒயின் வேதியியலில் ஒரு கணக்கு உண்டு. ஆனால் சிராவுக்குள்ளேயே இந்தத் துணைச் சேர்மங்கள் போதுமான அளவு இருந்தால் வியோனியே புதிதாக எதுவும் கூட்டப் போவதில்லை. 10 சதவீதம் தாண்டினால் அடுக்கின் லாபத்தை நீர்ப்பின் நட்டம் தின்றுவிடும். ‘வியோனியே போட்டால் நிறம் கூடும்’ என்பதை எப்போதும் பலிக்கும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிரா ஒன்றும் வெள்ளைத் திராட்சைக்கு அந்நியம் இல்லை. 1990-களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வில் சிராவின் பெற்றோர் தெரியவந்தனர்: ஒன்று துரேசா என்ற கறுப்பு வகை, மற்றொன்று மொந்தேஸ் பிளான்ஷ் என்ற வெள்ளை வகை. இந்த மொந்தேஸ் பிளான்ஷுக்கு வியோனியேவும் நெருங்கிய உறவு. தொட்டிக்குள் நடப்பது ஒருவகையில் சொந்தத்தில் சம்பந்தம்தான்.

எந்தப் பாட்டில்களை எடுப்பது

ஒரே பாட்டிலை வைத்து இதைக் கற்றுக்கொள்ள முடியாது. குறைந்தது மூன்று வேண்டும்: கலப்பில்லாத சிரா ஒன்று, சிரா–வியோனியே ஒன்று, தனி வியோனியே வெள்ளை ஒயின் ஒன்று. மூன்றும் ஒரே நாட்டிலிருந்து, முடிந்தால் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து, ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் இருப்பது நல்லது. ஓக் பீப்பாயில் நெடுநாள் கிடந்த வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். வனிலாவும் வெண்ணெயும் வியோனியேவை மறைத்துவிடும்.

கோட் ரோட்டி லேபிளில் திராட்சைப் பெயர் பொதுவாக இருக்காது. தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்பில்தான் விகிதம் கிடைக்கும். பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்களுக்குக் கிகால் நிறுவனத்தின் மூன்று தனித்தோட்ட ஒயின்களே ஆயத்தப் பாடம். லா முலின் ஒயினில் சுமார் 11 சதவீதம் வியோனியே, லா துர்க் ஒயினில் சுமார் 7, லா லாண்டோன் முழுக்கச் சிரா. மூன்றும் சுமார் மூன்றரை ஆண்டு புது ஓக்கில் கிடப்பவை. மண்ணும் வேறு: லா முலின் வெளிர் மண்ணுள்ள கோட் பிளோண்ட் பக்கம், மற்ற இரண்டும் இரும்புச் சத்துள்ள கருநிற மண் கொண்ட கோட் புருன் பக்கம். ஆகவே மூன்றுக்கும் இடையே தெரியும் வித்தியாசம் முழுவதையும் வியோனியேவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒரு பாட்டிலின் விலையில் நல்ல மிதிவண்டி ஒன்று வாங்கலாம் என்பது வேறு விஷயம்.

ஆஸ்திரேலியாவில் சிராவுக்குப் பெயர் ஷிராஸ். அங்கே யலும்பா நிறுவனம் 1980-இல் வியோனியே கொடிகளை நட்டது. கான்பெரா அருகே முரம்பேட்மனில் உள்ள குளோனகில்லா ஒயின் தோட்டத்தின் டிம் கிர்க் 1991-இல் ஆம்புய் சென்று கிகாலின் ஒயின்களைப் பீப்பாயிலிருந்தே சுவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, 1992 அறுவடையில் ஷிராஸ்–வியோனியே செய்தார். பிறகு அந்த நாடே அதைப் பின்பற்றியது. ஆஸ்திரேலிய லேபிளில் இரண்டு பெயரும் இருந்தால் முதலில் நிற்பதுதான் அதிகம். ‘ஷிராஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் சட்டப்படி 15 சதவீதம் வரை வேறு வகை உள்ளே இருக்கலாம். ஒப்பீட்டுக்கு வாங்கும் ‘தனி’ ஷிராஸ் உண்மையிலேயே தனிதானா என்று குறிப்பைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் சோதனையைத் தொடங்கிப் பிறகு குழம்புபவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு எச்சரிக்கை. சிவப்போடு வெள்ளை சேர்ந்த ஒயின்கள் எல்லாம் ஒரே குணம் காட்டாது. இத்தாலியின் கியாந்தியில் 1967 விதி 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கியது. அங்கே சேர்ந்த திரெபியானோ என்ற வெள்ளை வகையில் மணம் சொற்பம், ஒயின் மெலிந்துபோனது. கியாந்தி கிளாசிக்கோ 2006 அறுவடையிலிருந்து வெள்ளையை அடியோடு விலக்கிவிட்டது. அந்த அனுபவத்தை வைத்து ரோன் ஒயினை எடைபோடக் கூடாது.

அறை, வெப்பம், கிளாஸ்

சுவைக்கும் அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு வாசம் இருக்கக் கூடாது. தலையில் மல்லிகைச் சரமும் கூடாது. மல்லிகையின் மணச் சேர்மங்களில் லினலூலும் ஒன்று. நாம் கிளாஸில் தேடுவதும் அதையேதான். முந்தைய ஒரு மணி நேரத்துக்குக் காபி, வெற்றிலைபாக்கு, பற்பசை வேண்டாம். பாக்கின் துவர்ப்பு நாக்கில் இருக்கும்போது ஒயினின் துவர்ப்பை அளக்கவே முடியாது.

வெப்பநிலை 15 முதல் 17 டிகிரி செல்சியஸ். ‘சிவப்பு ஒயின் அறை வெப்பத்தில்’ என்ற பழமொழி குளிர் நாட்டு வீடுகளுக்கு உரியது. சென்னையின் 31 டிகிரி அறையில் அதைப் பின்பற்றினால் கிளாஸிலிருந்து ஆல்கஹால் ஆவிதான் முகத்தில் அடிக்கும். வியோனியே ஏற்கெனவே ஆல்கஹால் கூட்டும் வகை என்பதால் சூட்டில் ஆப்ரிகாட் ஜாம் வாசமாகத் திரிந்து நிற்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் 31-இலிருந்து 16-க்கு வர ஏறத்தாழ 2 மணி நேரம் பிடிக்கும். பாதித் தண்ணீரும் பாதி ஐஸுமாக உள்ள வாளியில் 12 முதல் 15 நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டி மட்டும் போட்டால் பாட்டிலோடு ஒட்டாமல் இடைவெளி விழும், குளிர்வது தாமதமாகும். 12 டிகிரிக்குக் கீழே போனால் மணம் அடங்கித் துவர்ப்பு கடுமையாகிவிடும். சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகம் தேவையில்லை.

கிளாஸ் எல்லாம் ஒரே அளவாக, வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். பன்னாட்டுத் தர அளவான ஐ.எஸ்.ஓ. சுவைக் கிளாஸின் கொள்ளளவு சுமார் 215 மி.லி., ஊற்றுவது 50 மி.லி. வெப்ப நாட்டில் 40 மி.லி. ஊற்றி, பாட்டிலைத் திரும்பவும் குளிரில் வைத்துவிடுவது நல்லது. கிளாஸில் ஊற்றியது பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். துப்புவதற்கு ஒரு பாத்திரம் கட்டாயம். துப்புவது அநாகரிகம் என்று நினைத்து விழுங்கிக்கொண்டே போனால் நான்காவது கிளாஸுக்கு மேல் நீங்கள் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை, அதற்குப் பிறகு வண்டியும் ஓட்ட முடியாது.

மூக்குக்கு முதலில் பாடம்

மணத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாவிட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வராது. இதற்கு வேண்டிய பொருள்கள் பாதிக்குமேல் நம் சமையலறையிலேயே உண்டு.

ஒரு தேக்கரண்டி கொத்தமல்லி விதையை நசுக்கி மூடிய டம்ளரில் ஐந்து நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள். தனியாவின் அந்த இனிய, எலுமிச்சை கலந்த மேல் மணத்துக்குப் பெரும் பங்கு லினலூல். இன்னொரு டம்ளரில் சில துளி பன்னீர், அதில் ஜெரானியோல். உலர்ந்த ஆப்ரிகாட் இரண்டை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து மசித்தால் மூன்றாவது டம்ளர் தயார். நான்காவதில் புதிதாக இடித்த மிளகு. ஐந்தாவதில் நன்கு கனிந்த நாவல்பழம், ஆறாவதில் பாட்டிலில் வரும் கறுப்பு ஆலிவ். முதல் மூன்றும் வியோனியேவின் பக்கம், பின் மூன்றும் சிராவின் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு கலைத்துப்போட்டு அடையாளம் சொல்லிப் பழகுங்கள். ஆறில் ஐந்து சரியாக வந்தால் ஒயினுக்குப் போகலாம்.

மிளகைப் பற்றி ஒன்று. சிராவில் வரும் மிளகு மணம் உவமை இல்லை. மிளகில் உள்ள அதே சேர்மம்தான். அதன் பெயர் ரோட்டண்டோன். சைபரஸ் ரோட்டண்டஸ் என்ற செடியின் கிழங்கில் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். நலங்கு மாவிலும் குளியல் பொடியிலும் போடுகிறோமே கோரைக்கிழங்கு, அதே செடி. அதுதான் சிராவின் மிளகு வாசத்துக்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல் காட்டியது. சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டும். ஆனால் சோதித்துப் பார்த்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மிக அதிக அளவிலும் எட்டவில்லை. உங்களுக்கு ஒயினில் மிளகு ஒருபோதும் தெரிந்ததில்லை என்றால் மூக்கைக் குறை சொல்ல வேண்டாம். அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வியோனியேவின் பூ மணம் மற்றவர்களைவிடத் தூக்கலாகத் தெரிய வாய்ப்புண்டு, ஏனெனில் அதை மறைக்கும் மிளகு அவர்களுக்கு இல்லை.

கண்

இதற்கு ஒரு நிமிடம் போதும். கிளாஸை வெள்ளைத் தாளின் மேல் 45 டிகிரி சாய்த்து, நடுவின் அடர்த்தியையும் விளிம்பின் நிறத்தையும் பாருங்கள். இளம் சிரா–வியோனியேவின் விளிம்பில் ரோஜாவும் ஊதாவும் கலந்த பளபளப்பு இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து ‘வெள்ளை இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வெயிலான ஆண்டும் தோலை அதிகம் ஊறவைப்பதும் இதே ஆழத்தைத் தரும். வயதாக ஆக அந்த நிறமி அடுக்கு குலைந்து வேறு நிலையான நிறமிகள் உருவாகிவிடும், எனவே பத்தாண்டு ஒயினில் இந்தக் குறிப்பு செல்லாது.

கண்ணை நம்பாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சின் போர்தோவில் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து ஒயின் மாணவர்களிடம் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய மணச் சொற்களை அடுக்கி எழுதினார்கள். 2001-இல் வெளிவந்த ஆய்வு அது. லேபிளில் ‘வியோனியே’ என்று பார்த்த மாத்திரத்தில் ஆப்ரிகாட் மணப்பதும் அதே வகை ஏமாற்றுதான்.

மூக்கு

முதல் முகர்வு கிளாஸைச் சுழற்றாமல். மேசையில் இருக்கும் கிளாஸுக்கு ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்து, மெல்லக் கீழே கொண்டுவாருங்கள். எந்த உயரத்தில் மணம் தொடங்குகிறது என்று கவனியுங்கள். தனிச் சிராவில் பெரும்பாலும் கிளாஸின் வாய்க்குள் போன பிறகுதான் மணம் திரளும். வியோனியே சேர்ந்ததில் விளிம்புக்கு மேலேயே ஏதோ ஒரு நறுமணம் வந்து தொடும். என்ன மணம் என்று பெயர் சொல்ல வராது, ஆனால் வந்துவிடும். ‘மணம் எழும்புகிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான். மூன்று கிளாஸையும் இதே முறையில் பார்த்து, மணம் தொடங்கும் உயரத்தை விரல்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி தோன்றினாலும் இதுவே மிக நம்பகமான அடையாளம்.

இரண்டாவது முகர்வு மூன்று நான்கு சுழற்சிக்குப் பிறகு. இப்போது பூக்களை அலசுங்கள். வயலட் பூவை நினைவூட்டும் மணம் சிராவிலேயே உண்டு, அதை வியோனியே என்று எண்ணிவிடக் கூடாது. முல்லை, ஆரஞ்சுப் பூ, பன்னீர் போன்ற வெண்பூ மணம் வந்தால்தான் வெள்ளைத் திராட்சையின் பக்கம். பழத்திலும் அப்படியே. நாவல், பிளாக்பெர்ரி எல்லாம் சிரா. அந்தக் கறுப்புப் பழங்களுக்கு நடுவே பீச் தோல் மாதிரி ஒரு மஞ்சள் பழ மணம் ஓடினால் வியோனியே.

முகர்வுக்கும் முகர்வுக்கும் இடையில் அரை நிமிடம் விடுங்கள். விடாமல் முகர்ந்தால் மூக்கு சீக்கிரம் அலுத்துப்போய் மணத்தைத் தொலைத்துவிடும். உங்கள் சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்குத் திரும்பும். காப்பிக்கொட்டை வேண்டாம்; அதுவே இன்னொரு பலத்த மணம்.

பத்து நிமிடம் கழித்து மூன்றாவது முகர்வு. ஒயின் காற்றுப்பட்டு விரிந்திருக்கும். நன்றாகச் செய்ததில் பூவும் மிளகும் பழமும் ஒன்றோடொன்று கரைந்து நிற்கும். சரியில்லாததில் இரண்டு ஒயின்கள் ஒரே கிளாஸில் சண்டை போடுவது போல மேலே ஆப்ரிகாட், கீழே சிரா என்று பிரிந்து நிற்கும். பிரிந்து நின்றால் விகிதம் அதிகம், அல்லது வியோனியே அளவுக்கு மீறிக் கனிந்தபின் பறிக்கப்பட்டிருக்கிறது. வெயில் மிகுந்த ஊர்களில் 5 சதவீதமே கூச்சலிடும். குளிர்ந்த சரிவில் 8 சதவீதம் அடக்கமாக இருக்கும். ஆகவே எண்ணை வைத்து ஒயினை மதிப்பிடுவது வீண்.

வாய்

ஆங்கிலம் பேசுபவர்களுக்கு டானின் என்றால் என்ன என்று விளக்கப் பத்து வாக்கியம் தேவைப்படும். அறுசுவையில் துவர்ப்பை வைத்திருக்கும் நமக்கு ஒரு சொல் போதும். நாக்கு அதை ஏற்கெனவே தரம் பிரிக்கவும் செய்யும்: பச்சைப் பாக்கின் துவர்ப்பு பல்லைப் பிடிக்கும், வாழைப்பூவின் துவர்ப்பு நாக்கை இழுக்கும், கனிந்த நாவலின் துவர்ப்பு மென்துகள் போலப் படரும். இந்த மூன்றில் எது என்று எழுதுங்கள்.

ஒரு மிடறு 10 முதல் 12 மி.லி., அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு. பத்து விநாடி வாயில் உருட்டி, உதட்டைச் சற்றே திறந்து காற்றை உள்ளிழுத்து, துப்புங்கள். சுவையை மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொட்டவுடன் வருவது பழம். இதில் கலப்புக்கும் தனிச் சிராவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று நான்கு விநாடிக்குப் பிறகு வரும் நடுக்கட்டம்தான் முக்கியம். தனிச் சிரா அந்த இடத்தில் சற்று ஒடுங்கித் துவர்ப்புக்கு வழிவிடும். வியோனியே சேர்ந்தது அங்கே உப்பும். நாக்கின் நடுவில் வழவழப்பாக, நல்லெண்ணெய் தடவிய கை மாதிரி ஒரு பூச்சு. புளிப்பும் கொஞ்சம் தணிந்திருக்கும். கடைசிக் கட்டத்தில் துப்பிய பிறகு எத்தனை விநாடி மணம் நிற்கிறது, கசப்பு ஏதும் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பு போன்ற லேசான கசப்பு வியோனியேத் தோலிலிருந்து வரும் ஃபீனாலின் கைவேலை. மெல்லியதாக இருந்தால் அழகு, தொண்டையில் தங்கினால் பிழை.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு எடுப்பது நல்ல உத்தி. மணம் முழுக்க அறுந்துபோய் வழவழப்பு, புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் எரிவு ஆகிய நான்கு மட்டுமே மிஞ்சும். இப்படியே மூன்று கிளாஸையும் ஒப்பிட்டால் நடுக்கட்ட வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஐந்து விநாடி கழித்து மூக்கை விடுங்கள். தொண்டை வழியாக ஏறும் மணத்தில் முதலில் வருவது பூவா, மிளகா என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

நீங்களே கலந்து பாருங்கள்

மருந்துக் கடையில் ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சும் 1 மி.லி. சிரிஞ்சும் கிடைக்கும். ஐந்து கிளாஸில் எண்ணிட்டு ஒவ்வொன்றிலும் 50 மி.லி. வருமாறு இப்படி நிரப்புங்கள்: முதலாவதில் தனிச் சிரா 50. இரண்டாவதில் சிரா 49, வியோனியே 1. இது 2 சதவீதம். மூன்றாவதில் 47.5-உம் 2.5-உம், அதாவது 5 சதவீதம். நான்காவதில் 45-உம் 5-உம், ஐந்தாவதில் 40-உம் 10-உம். இரண்டு ஒயினும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். வெள்ளையை நேராக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினால் நீங்கள் குளிர்ச்சியைத்தான் சுவைப்பீர்கள்.

பெரும்பாலும் 2 சதவீதத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று சந்தேகமே வரும். 5-இல் மணம் எழும்பும். 10-இல் ஆப்ரிகாட் பெயர் சொல்லிக் கூப்பிடும். 20-இல் ஒயின் மெலிந்து நிறம் தெளிவாக வெளுத்துவிடும்.

இந்தக் கலவை கோட் ரோட்டி ஆகிவிடாது. சேர்ந்து நொதிக்கும்போது வெள்ளைத் திராட்சை 25 முதல் 30 டிகிரிச் சூட்டில், கறுப்புத் தோலோடு, நாள்கணக்கில் கிடக்கிறது. அந்தச் சூடும் பொங்கி வெளியேறும் கரியமில வாயுவும் ஆவியாகும் மணத்தில் ஒரு பங்கை அடித்துக்கொண்டு போய்விடும். வியோனியேத் தோலின் ஃபீனால்கள் உள்ளே இறங்கும். வீட்டுக் கலவையில் வாசம் தூக்கலாகவும் நிறம் நீர்த்தும் இருப்பது அதனால்தான். சில ஒயின் ஆலைகள் வெள்ளை ஒயினுக்காகச் சாறு பிழிந்து முடித்த வியோனியேத் தோலை மட்டும் சிராத் தொட்டியில் போடுகின்றன. மணமும் ஃபீனாலும் தோலில்தானே இருக்கின்றன. அப்படிச் செய்ததில் வழவழப்பு குறைந்து பூ மணம் மட்டும் தெரியலாம்.

ஊகமா, உணர்வா

கற்றது உண்மைதானா என்று பார்க்க முக்கோணச் சோதனை செய்யுங்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறொருவர் ஊற்றித் தர வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் இடத்தை மாற்ற வேண்டும். தனிச் சிராவையும் 5 சதவீதக் கலவையையும் வைத்து ஆறு சுற்று. நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க விளக்கை மங்கலாக்குங்கள், அல்லது கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாக வரும். ஆறில் நான்கு சரியானால் மகிழ வேண்டாம். அது தற்செயலாக நிகழப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்து சரியானால் மூக்கு பழகிவிட்டது என்று நம்பலாம்.

குழப்பும் குறைகள்

சிரா காற்றுக்கு ஏங்கும் திராட்சை. திறந்தவுடன் உரசிய தீக்குச்சி, ரப்பர், சில சமயம் அழுகிய முட்டை வாசம் வரலாம். இது கந்தகச் சேர்மம். அகன்ற பாத்திரத்தில் ஊற்றி அரை மணி விட்டால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அந்த வாசத்துக்குப் பயந்து மூன்று மணி நேரம் திறந்து வைத்தால் கந்தகத்தோடு பூ மணமும் கிளம்பிவிடும். பதினைந்து வயது தாண்டிய பாட்டிலை ஊற்றி வைக்கவே வேண்டாம். திறந்து, வண்டல் கலங்காமல் நேரே கிளாஸில் ஊற்றுங்கள்.

புகையூட்டிய இறைச்சி வாசம் சிராவுக்கு இயல்பு. அதுவே குதிரை லாயம், மருந்துப் பிளாஸ்திரி என்று திரிந்தால் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் புகுந்திருக்கிறது. நகப்பூச்சு வாசம் வந்தால் அது ஆவியாகும் அமிலக் குறை. ‘மணம் எழும்புகிறது’ என்று இதை நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. பூ மணம் மூக்கைக் குத்தாது, இது குத்தும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் தக்கைக் கேடு. பலமாக இருந்தால் யாருக்கும் தெரியும். லேசாக இருந்தால் அட்டைப்பெட்டி தெரியாது, மணம் மட்டும் காணாமல் போயிருக்கும். சிரா–வியோனியேவில் முதலில் தொலைவது வெண்பூ மணம்தான். வியோனியே இருப்பதாகக் குறிப்பு சொல்கிறது, மூக்கில் ஒன்றும் எட்டவில்லை என்றால், ஒயினைக் குறை கூறுமுன் இன்னொரு பாட்டிலைத் திறந்து பாருங்கள்.

நம் வெயிலுக்கு உரிய குறை, வெந்துபோன ஒயின். வெயிலில் நின்ற வண்டியிலோ குளிரூட்டாத கிடங்கிலோ கிடந்தால் தக்கை சற்று வெளியே தள்ளியிருக்கும், கழுத்தில் ஒழுகிய பிசுபிசுப்பு தெரியும். வாசம் வேகவைத்த பழமாக இருக்கும். இதை வியோனியேவின் ஆப்ரிகாட் ஜாம் வாசத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி: வெந்த ஒயினில் கறுப்புப் பழமும் சேர்ந்தே வெந்திருக்கும், விகிதம் கூடியதில் ஆப்ரிகாட் மட்டும் ஜாமாக இருக்கும், நாவல்பழம் பச்சையாகவே நிற்கும்.

மிச்ச ஒயினைச் சிறிய பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் 16 டிகிரிக்குக் கொண்டுவந்து திரும்பச் சுவையுங்கள். கந்தகம் அகன்றிருக்கும், பூ மணமும் பாதி போயிருக்கும், நடுக்கட்ட வழவழப்பு மட்டும் அப்படியே இருக்கும். முந்தைய நாள் மணத்தை வைத்து எழுதிய குறிப்பை மறைத்துவிட்டு, வாயை மட்டும் வைத்து ‘எத்தனை சதவீதம்’ என்று ஊகித்து எழுதி, பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.